வயிற்றைச் சுத்தம் செய்வதும் இழந்த உப்புச் சத்தை மீட்பதும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான வழிமுறைகள்

வயிறு மந்தமாகவோ உப்புசமாகவோ இருந்தால் உடனே பேதிக்குக் குடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் நம் பகுதியில் இன்னும் வலுவாக இருக்கிறது. ஆனால், போதுமான தண்ணீரும் நார்ச்சத்தும் கிடைத்தால் ஆரோக்கியமான குடல் தன் கழிவைத் தானே வெளியேற்றிவிடும். பேதி மருந்து செய்வது குடலைக் காலி செய்யும் வேலை மட்டுமே. அப்படிக் காலியாகும்போது தண்ணீருடன் சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஆகவே வயிற்றுச் சுத்தத்தையும் தாது உப்புகளையும் தனித்தனியாகப் பார்க்காமல், இரண்டையும் ஒரே உணவு முறையில் கவனிப்பதே சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் நம் மானாவாரி நிலங்களிலேயே விளைகின்றன.

முதலில் மருந்துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விளக்கெண்ணெய் குடலை வலுவாக இயக்கி, சில மணி நேரத்திலேயே பேதியை உண்டாக்கக்கூடியது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இதை வீட்டில் கொடுக்கவே கூடாது. காரணம் தெரியாத வயிற்றுவலி இருப்பவர்களும் எந்தப் பேதி மருந்தையும் தொடக் கூடாது. அந்த வலி குடல்வால் அழற்சியால் வந்ததாக இருந்தால் நிலைமை ஆபத்தாகிவிடும். நிலவாகைப் பொடியைத் தினமும் எடுப்பது, மருந்து இல்லாமல் மலம் கழியாது என்ற நிலைக்குக் கொண்டுபோய் விடலாம். அண்மைக் காலத்தில் சிலர் வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் உப்பு நீரைக் குடித்துக் குடலைக் கழுவுவதாகச் சொல்கிறார்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு இது நேரடித் தீங்கு, மற்றவர்களுக்கும் தேவையற்றது. எப்போதாவது மலச்சிக்கல் வந்தால், இரவு உணவுக்குப் பின் அரைத் தேக்கரண்டி கடுக்காய்ப் பொடியை வெதுவெதுப்பான நீரில் கலந்து குடிக்கலாம். கடுக்காய்க்கு அகநஞ்சு என்று பெரியவர்கள் சொல்வதை மறக்காமல், கொட்டையை நீக்கிவிட்டுத் தோட்டை மட்டும் பொடிக்க வேண்டும். குழந்தைகளின் பூச்சித் தொல்லைக்கு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரையே போதுமானது. பேதி மருந்து வேண்டாம்.

அன்றாடம் வயிற்றைச் சீராக வைப்பதற்குக் கேழ்வரகுக் கூழுக்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். ஒரு கப் கேழ்வரகு மாவை இரண்டு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ ஊற்றி, மூடி, இரவு முழுவதும் புளிக்க விடவும். காலையில் மேலே சிறு குமிழ்கள் கட்டியிருக்கும். முகர்ந்தால் மோர் போன்ற இளம்புளிப்பு வாடை வரும். பூசணம் படிந்திருந்தாலோ அழுகல் வாடை அடித்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள். கால் கப் அரிசி நொய்யை நான்கு கப் தண்ணீரில் குழைய வேகவைத்து, புளித்த கரைசலை அதில் ஊற்றி, தீயைக் குறைத்துத் துடுப்பால் விடாமல் கிளற வேண்டும். மாவின் வெளிர் நிறம் மாறிப் பளபளப்பான அடர்பழுப்பாகி, கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி ஆற விடவும். மறுநாள் காலை ஓர் உருண்டை எடுத்து, மோர் விட்டுக் கையால் கரைத்து, சிறிது உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடிக்கலாம். கடும் வெயில் காலத்தில் சமைத்த கூழை ஓர் இரவுக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். தானியத்தின் நார்ச்சத்து மலத்தை இளக்குகிறது. மோரில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் குடலுக்கு உதவுகின்றன. உப்பும் மோரும் வியர்வையில் போன சோடியத்தையும் பொட்டாசியத்தையும் ஓரளவு ஈடுசெய்கின்றன. இத்தனையையும் ஒரு சொம்புக் கூழ் செய்துவிடுகிறது.

சுண்ணாம்புச் சத்தைப் பொறுத்தவரை, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. ஆனால் கேழ்வரகில் உள்ள பைட்டிக் அமிலம் கால்சியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உண்பது முழுவதும் உடலில் சேர்வதில்லை. புளிக்க வைப்பதும் முளைகட்டுவதும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. கல் நீக்கிக் கழுவிய கேழ்வரகை இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால், ஒரு நாளில் வெண்மையான முளை எட்டிப் பார்க்கும். அதை நன்றாக உலர்த்தி, வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, அரைத்து வைத்துக்கொண்டால் கஞ்சிக்கும் களிக்கும் பயன்படும். களிக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ இருந்தால் இரும்புச் சத்தும் சேரும். மேலே எலுமிச்சைச் சாறு பிழிவதும், பக்கத்தில் ஒரு நெல்லிக்காய் வைத்துக்கொள்வதும் அந்த இரும்பை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அந்தப் பலனைக் கெடுக்கும் என்பதால், ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டுத் தண்ணீரைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை. நம் இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். பின்னர் மூட்டும் முதுகும் விறைத்துப்போகும். இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே கூழ் கரைக்கவும் கஞ்சி காய்ச்சவும் சீரகத் தண்ணீர் வைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சினால் போர் தண்ணீர் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதிக்க வைப்பதால் கிருமிகள் சாகும், ஆனால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். உணவில் போதுமான கால்சியம் இருந்தால் அது குடலிலேயே ஃபுளோரைடோடு சேர்ந்து, உடல் உறிஞ்சும் அளவைக் குறைக்கும். கேழ்வரகும் மோரும் நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு இது இன்னொரு காரணம். புளியைத் தொடர்ந்து உண்ட சிறுவர்களின் சிறுநீர் வழியே கூடுதல் ஃபுளோரைடு வெளியேறியதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது. அது நல்ல செய்திதான். ஆயினும் கெட்ட நீருக்குப் புளி மாற்றாகாது.

மாம்பழக் காலத்திலும் திருவிழாக் காலத்திலும் வயிற்றுப்போக்கு வந்தால், அதை வயிறு தானே சுத்தமாவதாகக் கருதிச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே முதல் தேர்வு. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். அது கையில் இல்லாதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நல்ல நீரில் மட்டமாக அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து என்பதால் கைக்கணக்கில் போடாதீர்கள். ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி வரையிலும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி வரையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டவும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மீதமான கரைசலை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு; ஆகவே அதை மட்டும் நம்பியிருக்காமல், உப்பிட்ட சோற்றுக் கஞ்சியையும் சேர்த்துக் கொடுங்கள். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது.

மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, கண்கள் குழி விழுதல், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து துவளுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்தி, கரைசலைப் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறி மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் பெரியவர்களும், காரணமின்றி எடை குறைபவர்களும், பேதி மருந்தைத் தேடாமல் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.