கணைக்கால் இரும்பொறை பாட்டில் ‘மானம்’ எங்கே இருக்கிறது?

சோழனிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேர மன்னன் கணைக்கால் இரும்பொறையின் புறநானூற்றுப் பாட்டுக்கு (74) விளக்கம் எழுதச் சொன்னால், “தண்ணீர் தாமதமாக வந்ததால் மானமே பெரிதென்று உயிரை விட்ட மன்னன்” என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அடுத்த வரியிலேயே கவரிமாவும் வந்துவிடும். பாட்டு மொத்தம் ஏழே அடி, நிதானமாக ஒரு தடவை படியுங்கள்:

குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும்
ஆள்அன்று என்று வாளின் தப்பார்
தொடர்ப்படு ஞமலியின் இடர்ப்படுத்து இரீஇய
கேள்அல் கேளிர் வேளாண் சிறுபதம்
மதுகை இன்றி வயிற்றுத்தீத் தணியத்
தாம்இரந்து உண்ணும் அளவை
ஈன்ம ரோஇவ் வுலகத் தானே

மானம் என்ற சொல் இல்லை. தண்ணீர் இல்லை, சிறை இல்லை, சோழன் பெயர் இல்லை, ஏன், ‘நான்’ என்றுகூட எங்கும் இல்லை. இதெல்லாம் பாட்டின் அடியில், பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்த குறிப்பில் இருப்பவை. குறிப்பைப் பயன்படுத்துவது தப்பில்லை, அது இல்லாமல் பாட்டு யாருடையது என்றே தெரியாது. ஆனால் குறிப்பில் இருப்பதைப் பாட்டு சொல்வதாக எழுதுவதுதான் முதல் தவறு. சிறுபதம் என்பதைச் சிறிது உணவு என்றே படிக்கலாம். தண்ணீர் என்று நம்மைச் சொல்ல வைப்பது அந்தக் குறிப்பு.

சரி, அந்தக் குறிப்பையாவது முழுசாகப் படிக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. “‘தண்ணீர் தா’ என்று பெறாது, பெயர்த்துப் பெற்று, கைக்கொண்டிருந்து, உண்ணான்” என்று போகிறது அது. அதாவது அவன் வாய்திறந்து கேட்டிருக்கிறான். முதலில் கிடைக்கவில்லை, பிறகுதான் கிடைத்தது. சிறைக்காவலன் காட்டிய அலட்சியத்தால் வந்த கோபம் என்று எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாட்டில் குத்துகிற சொல் ‘இரந்து’. பகைவர் தந்தது மட்டுமா அவனைச் சுடுகிறது, தான் கேட்டதும்தான்! ‘மதுகை இன்றி’, பசியைத் தாங்கும் திடம் இல்லாமல், என்று வருவதும் சோழனைப் பற்றியதல்ல, தன்னைப் பற்றியது என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்தது முதல் இரண்டு அடி. குழந்தைகளை வெட்டிக் கொன்றார்கள் என்று எழுதிய கட்டுரையை நானே பார்த்திருக்கிறேன். இறந்து பிறந்தாலும், உருவமில்லாத தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், ‘இது ஆள் இல்லை’ என்று விட்டுவிடாமல் வாளால் கீறி அடக்கம் செய்வார்கள் என்பதுதான் பொருள். போரில் சாகாத உடம்புக்கும் வாள் வடுவைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இது. நோயில் இறந்த அரசர்களை அப்படி ‘வாள்போழ்ந்து’ அடக்கியதைப் பற்றி ஔவையாரும் பாடியிருக்கிறார் (புறம் 93). இது புரிந்தால்தான் பாட்டின் கணக்குப் புரியும்: பிண்டத்தைக்கூட ஆளாக மதித்த குலம், சங்கிலியில் கட்டிய நாய் போல இருந்துகொண்டு கேட்டு வாங்கி உண்ணும் ஒருவனையா பெற்றிருக்கும்? அந்த ஊன்தடிக்கும் கீழே தன்னை வைத்துவிடுகிறான். ‘ஆள்’ என்ற சொல்லும் ‘ஞமலி’ (நாய்) என்ற சொல்லும் அடுத்தடுத்த அடிகளில் நிற்பதைப் பாருங்கள். பாட்டில் வெளிப்படையாக வரும் சாவு அந்தக் குழவியின் சாவு ஒன்றுதான், தன் சாவைப் பற்றி அவன் பேசவே இல்லை.

அப்புறம் ‘வேளாண்’ என்றதும் விவசாயத்துக்குப் போய்விடாதீர்கள், இங்கே அது உபகாரம். ‘கேள் அல் கேளிர்’ என்றால் உறவல்லாத உறவினர். பகைவரை இப்படிச் சொல்வதில் இருக்கும் கசப்பான எள்ளலை, “பகைவர்” என்று ஒரே சொல்லில் உரை எழுதித் தொலைத்துவிடுகிறோம்.

இவன் வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டான், என்று எழுதுவதும் உண்டு. அது வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன். இருவரும் சேரர், இருவரையும் தோற்கடித்தது சோழர் என்பதால் வரும் குழப்பம்.

கடைசியாக முடிவு. இரும்பொறை சிறையிலேயே இறந்தான் என்பதைச் சந்தேகமில்லாத வரலாறாக எழுதாதீர்கள். புலவர் பொய்கையார் சோழனின் போர்க்களத்தைப் புகழ்ந்து களவழி பாடியதைக் கேட்டுச் சோழன் அவன் கால்தளையை வெட்டி அரசும் கொடுத்தான் என்கிறது கலிங்கத்துப்பரணி. குறிப்போ ‘சொல்லித் துஞ்சிய பாட்டு’ என்கிறது. துஞ்சுதல் என்றால் இறப்பு, உறக்கம் என இரண்டு பொருளும் உண்டு என்பதை வைத்து, தூங்கித்தான் போனான் என்று இரண்டையும் ஒட்டவைக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது வலிந்து செய்வதாகவே தோன்றுகிறது. இரண்டு செய்தியையும் சொல்லிவிட்டு, முரண்படுகின்றன என்று எழுதினால் போதும். பாட்டு எப்படியும் அந்தத் தகராறுக்கு உதவாது, அது ‘ஈன்மரோ’ (பெறுவார்களோ) என்று கேட்டதோடு நின்றுவிடுகிறது.