சீக்குக் கோழியைக் காப்பாற்றப் போய் நாம் செய்யும் தவறுகள்

கோழி ஒன்று கண்ணை மூடி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளிழுத்து ஓரமாக உறங்கி நின்றால் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் இரண்டே யோசனைதான் வரும். சாவதற்குள் அறுத்துவிடுவது, இல்லையென்றால் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவது. இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, கோழியைக் கையில் எடுத்துப் பார்ப்பது. அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

கோழி தன் நோவைக் கடைசிவரை மறைக்கும். மெலிந்தது தெரிந்தால் மற்ற கோழிகள் கொத்தி விரட்டும், கழுகும் கீரியும் அதைத்தான் குறிவைக்கும். ஆகவே அது உறங்கி நிற்பது நம் கண்ணில் படும்போது சீக்கு வந்து சில நாள் ஆகியிருக்கும். காலையில் கூட்டைத் திறக்கும்போது எது முந்திக்கொண்டு வருகிறது, எது பின்தங்குகிறது என்று தினமும் ஒரு பார்வை பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

விடிந்ததும் இரை போடுவதற்கு முன் பிடித்துப் பாருங்கள். கழுத்தடியில் இருக்கும் இரைப்பை அந்த நேரத்தில் காலியாக இருக்க வேண்டும். கெட்டியாக உருண்டு நின்றால் அடைப்பு. பையில் தண்ணீர் போலத் தளதளவென்று ஆடி, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே நொதித்துவிட்டது. விசேஷ வீடுகளில் பந்தி மிச்சத்தை அப்படியே கொல்லையில் கொட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. சோறு மட்டும் என்றால் பரவாயில்லை. ஊறுகாயும் வத்தலும் அப்பளமும் கலந்து போகும்போது அந்த உப்பு கோழிக்கு விஷம். பூஞ்சை பூத்த பழைய தானியமும் அப்படித்தான், ஈரலைக் கெடுக்கும். இரைப்பை அடைத்த கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பிழிந்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள். வெளியே வரும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்க் கோழி அங்கேயே துடித்துச் சாகும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்து நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இல்லாமல் எலும்பு கத்திபோல் நிமிர்ந்து நின்றால் அது நேற்று வந்த சீக்கு அல்ல. குடற்புழுவாக இருக்கலாம், பேன், உண்ணியாக இருக்கலாம். இறக்கைக்கு அடியிலும் பின்பக்கத்து இறகின் அடித்தண்டிலும் விலக்கிப் பார்த்தால் பேன் தெரியும். முட்டையிடும் பெட்டை வாலை ஆட்டி முக்கிக்கொண்டு, நிமிர்ந்து நின்று தவித்தால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் பின்பகுதியை முங்க வைத்து, பிறகு இருட்டான அமைதியான இடத்தில் விடலாம். வயிற்றை அமுக்கி முட்டையைத் தள்ளினால் உள்ளே உடையும், ஓட்டுத்துண்டு முட்டைக்குழாயைக் கிழிக்கும்.

நோயே இல்லாத கோழிக்கு மருந்து கொடுப்பதும் நடக்கிறது. "ஆச்சி, உடம்பு அனலாக் கொதிக்குது" என்று காய்ச்சல் மாத்திரையைத் தேடுவார்கள். கோழிக்கு இயல்பான உடல் சூடே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். எச்சத்தின் மேல் வெள்ளையாக ஒரு படலம் இருந்தால் உடனே வெள்ளைக்கழிச்சல் என்கிறார்கள். அந்த வெள்ளை கோழியின் சிறுநீர்க் கழிவு, ஆரோக்கியமான எச்சத்திலும் இருக்கும். இடையிடையே காப்பி நிறத்தில் பசைபோல் நாற்றத்தோடு ஒன்று விழும், அதுவும் இயல்புதான். அடைக்குப் படுத்த கோழி இரை குறைத்து, இறகை உப்பிக்கொண்டு, தொட்டால் கொக்கரித்துச் சீறும். சீறுகிற தெம்பு இருந்தால் அது சீக்கில்லை.

கோடையில் இன்னொரு குழப்பம். சித்திரை, வைகாசி வெயிலில் செம்மண் தரை அனலாகக் காயும்போது வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இளைக்கும் கோழிக்குச் சளி என்று மருந்து கொடுப்பார்கள். சத்தமில்லாமல் இளைத்தால் பெரும்பாலும் வெக்கை. வேப்ப மரத்து நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதும். கொரகொரவென்று சத்தம், மூக்கில் நீர், வீங்கிய கண் இருந்தால்தான் சளி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், சீக்குக் கோழி என்று தகரக் கொட்டகைக்குள் அடைத்துவிட்டால் நோய் கொல்வதற்கு முன் வெயில் கொன்றுவிடும்.

தண்ணீர் புகட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்போடு செய்து கொல்வது இதில்தான். கோழியின் வாயைத் திறந்து நாக்கின் அடியைப் பாருங்கள். நாக்கு முடியும் இடத்தில் ஒரு சிறு துவாரம் மூடி மூடித் திறக்கும். அதுதான் மூச்சுக்குழல். சங்கில் பிள்ளைக்கு ஊற்றுவதுபோல் அண்ணாக்கப் பிடித்து ஊற்றினால் மருந்து நேராக அதற்குள்தான் இறங்கும். விளக்கெண்ணெய் என்றால் கேட்கவே வேண்டாம், நுரையீரலில் போனது திரும்பி வராது. அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அது தானாக விழுங்கும். விழுங்கியபின் அடுத்த சொட்டு. விழுங்கத் தெம்பில்லாத கோழிக்கு எதையும் ஊற்றாதீர்கள்.

மாத்திரைக்கு வருவோம். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு இழுக்கும், பிழைத்த கோழிக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், காலும் இறக்கையும் முடங்கும். பாக்டீரியாவுக்கான டெட்ராசைக்ளின் பொடி அதை ஒன்றும் செய்யாது. குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் அது வேறு நோய், ஈரத் தரையில் பரவும் ஒட்டுண்ணி. அதற்குத் தனி மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கும். கோழி அம்மைக் கொப்புளத்தின் பொருக்கை நகத்தால் பெயர்ப்பது இன்னொரு கெடுதல். அந்தப் பொருக்கில்தான் கிருமி இருக்கிறது, ரத்தமும் வரும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கொசுவை ஒழித்து, மூன்று நான்கு வாரம் பொறுத்திருந்தால் பெரும்பாலும் தானாக உதிரும். சின்ன வெங்காயம், சீரகம், கீழாநெல்லி எல்லாம் கொடுக்கலாம், தப்பில்லை. அவற்றை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடுவதுதான் தப்பு. எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரித்து வைத்தாயிற்று என்பார்கள். போய்ப் பார்த்தால் முற்றத்து நடுவில் பஞ்சாரம் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை), அதற்குள் சீக்குக் கோழி, சுற்றிலும் மற்ற கோழிகள் அதன் எச்சத்தைக் கிளறிக்கொண்டிருக்கும். இது பிரித்தல் ஆகாது. பின்கட்டில் வேறு மூலை, வேறு தண்ணீர்ச் சட்டி வேண்டும். நல்ல கோழிகளுக்கு முதலில் இரை போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் சீக்குக் கோழியிடம் போக வேண்டும், திரும்பியதும் கையும் காலும் கழுவ வேண்டும்.

அறுத்துக் குழம்பு வைப்பவர்கள் இறகையும் குடலையும் குப்பையில் எறிகிறார்கள். நாய் இழுத்துக்கொண்டு போய்த் தெரு முழுக்கச் சீக்கைப் பரப்புகிறது. சிலர் உறங்குகிற கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். நம் இருநூறு ரூபாய்க்காக அடுத்த ஊர்க்காரியின் மொத்தக் கோழியும் சாகிறது. செத்ததை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஓரிரு நாளில் கொத்தாகச் செத்தால், கொண்டை நீலம் பாரித்தால், முகம் வீங்கினால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

தெருவில் சீக்கு வந்தபின் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கு ஓடுவது வீண், எதிர்ப்பு சக்தி ஏற ஒன்றிரண்டு வாரம் ஆகும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தை ஒட்டி இறக்கை அடியில் ஊசி. கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது, தவறவிடாதீர்கள். மருந்தைக் கடையில் வாங்கினால் ஐஸ் வைத்துக் கொண்டுவாருங்கள். காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் வருவதற்குள் சட்டைப்பையிலேயே அது செத்துப்போகும்.

சீக்கில் கூடு காலியாகிவிட்டால் மறுநாளே புதுக் குஞ்சு வாங்காதீர்கள். எச்சத்தையும் மேல்மண்ணையும் வழித்தெடுத்து, சுண்ணாம்பு அடித்து, சில வாரம் வெயில் படக் காலியாகப் போடுங்கள். சந்தையில் வாங்கும் சிறுவிடை நாட்டுக்கோழி எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றவற்றோடு விடுங்கள்.