திருவொற்றியூரிலிருந்து தத்தெடுப்பு: பதிவு முதல் கலெக்டர் ஆணை வரை

சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்து, 'காரா' (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு, CARA) தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் மகள் இப்போது பக்கத்துத் தெரு பால்வாடிக்குப் போகிறாள். காலடிப்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டேதான் எல்லாம் நடந்தது. சொந்த வீடு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களிடம் யாராவது வந்து, "தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்க, நேரா வாங்கிடலாம்" என்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை வாங்குவதற்கும் விற்பதற்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய வேதனை, வளர்த்த பிள்ளையை அதிகாரிகள் வீடு புகுந்து தூக்கிப்போவது. அந்தப் பிள்ளைக்கு அப்போது என்ன புரியும்?

படி 1: தகுதி

தம்பதி என்றால் திருமணமாகி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். குழந்தைக்கும் உங்களுக்கும் 25 வயதாவது இடைவெளி வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக்கூடாது. 2 முதல் 4 வயது வரை 90, 4 முதல் 8 வரை 100. தனியாக இருக்கும் பெண் ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம். தனியாக இருக்கும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

படி 2: பெயரை ஒன்றாக்குங்கள் (பதிவுக்கு முன்பே)

எங்களை நிறுத்தி வைத்த இடம் இதுதான். தமிழ்நாட்டில் நமக்கு இனிஷியல்தான். பான் கார்டோ இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். உதாரணத்துக்கு, ஆதாரில் 'செல்வம் எம்', பானில் 'செல்வம் மாரிமுத்து'. பெண்கள் பாடு இன்னும் சிக்கல். டென்த் மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல், கல்யாணச் சான்றிதழில் இரண்டும் இல்லாத வெறும் பெயர். நமக்கு எல்லாம் ஒரே ஆள். ஆவணம் சரிபார்ப்பவருக்கு மூன்று ஆள்.

எனவே இந்த வரிசையில் போங்கள். டென்த் மார்க் ஷீட்டை அடிப்படையாக வையுங்கள். முதலில் ஆதார். அதில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும், அதனால் ஆபரேட்டர் திரையில் தட்டியதை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். அடுத்து, அந்த ஆதாரை வைத்துப் பான் திருத்தம். கடைசியாகக் கல்யாணச் சான்றிதழ். சார்பதிவாளர் அலுவலகத்தில் இது இழுக்கும். முடியவே இல்லையென்றால் 'இந்தப் பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும்' என்று நோட்டரி அபிடவிட் ஒன்று போட்டு இணையுங்கள். பாரிமுனையில் ஐகோர்ட்டைச் சுற்றி நோட்டரிகளுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

முகவரியையும் பாருங்கள். திருவொற்றியூர், மாதவரம் எல்லாம் 2018-இல்தான் சென்னை மாவட்டத்துக்குள் வந்தன. பழைய ஆதாரில் இன்னும் 'திருவள்ளூர்' என்று இருக்கும். மாவட்டம் தவறினால் உங்கள் கோப்பு வேறு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்விடும். மீஞ்சூர், அத்திப்பட்டுக்காரர்களுக்கு இன்றும் திருவள்ளூர்தான்.

படி 3: பதிவும் ஆவணங்களும்

குடும்பப் போட்டோ, பான், பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, கல்யாணச் சான்றிதழ், தீராத நோயோ தொற்றுநோயோ இல்லை என்ற மருத்துவச் சான்று. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் பயப்பட வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு கன்டெய்னர் யார்டில் லோடு கணக்குக் கூலி. இ-சேவை மையம் வழியாக வாங்கிய வருமானச் சான்றிதழ் போதுமானதாக இருந்தது.

பிரவுசிங் சென்டரில் பதிவு செய்து கொடுப்பதாகச் சொல்வார்கள். வேண்டாம். சொந்த மெயில், சொந்த மொபைல் எண், முடிந்தால் லேப்டாப். ஜெராக்ஸ் கடை ஸ்கேனைவிடப் பகல் வெளிச்சத்தில் அடோபி ஸ்கேன் செயலியில் எடுத்தது எனக்குத் தெளிவாக வந்தது. கோப்புகளை அழித்துவிடாதீர்கள், ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். பதிவு செய்து 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்றிவிட வேண்டும். ஏற்றி, பதிவு முழுமையான நாளிலிருந்துதான் உங்கள் சீனியாரிட்டி தொடங்கும். பெயரை முதலில் சரிசெய்யுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

படி 4: ஹோம் ஸ்டடி

சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பேசுவார். வெள்ளையடிக்க வேண்டாம், கடன் வாங்கித் தொட்டில் வாங்க வேண்டாம். வீட்டில் உள்ள எல்லோரையும் இருக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வந்தவர் என்னைவிட அத்தையிடம்தான் அதிகம் பேசினார். "நாளைக்குக் கோபத்துல நீ என் பாட்டியே இல்லன்னு பிள்ளை சொல்லிட்டா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார். "சொல்லட்டும் மேடம், பசிச்சா எங்கிட்டதானே சோறு கேக்கும்" என்றார் அத்தை. அந்த அம்மா பேனாவை நிறுத்தி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

படி 5: காத்திருப்பு

சிறு குழந்தை கேட்டுப் பதிந்தவர்கள் மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருப்பது இப்போது சாதாரணம். காத்திருக்கும் பெற்றோர் அதிகம், சட்டப்படி தத்துக்குத் தயாரான குழந்தைகள் குறைவு. யாரையும் பிடித்து வரிசையில் முன்னால் போக முடியாது. ஹோம் ஸ்டடி அறிக்கை 3 ஆண்டுதான் செல்லும். காலாவதி ஆவதற்கு முன்பே புதுப்பிக்கக் கேளுங்கள். மொபைல் எண்ணை மாற்றாதீர்கள். குழந்தையின் விவரம் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் 'ரிசர்வ்' செய்ய வேண்டும். யார்டில் நைட் ஷிப்டு இருக்கும் வீடுகளில் கணவன் மனைவி இருவருக்கும் லாகின் பாஸ்வேர்டு தெரிந்திருக்கட்டும். ரிசர்வ் செய்த பின் குழந்தையின் மருத்துவ அறிக்கையை உங்களுக்கு நம்பிக்கையான குழந்தை டாக்டரிடம் காட்டி, கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

படி 6: ஆணை

2022 செப்டம்பர் முதல் கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை, கலெக்டரே ஆணை தருகிறார், 2 மாதத்துக்குள். குழந்தை எந்த மாவட்டத்து மையத்தில் இருக்கிறதோ அந்தக் கலெக்டர். அதுவரை தற்காலிக வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரலாம். பின்பு 2 ஆண்டுக்கு, 6 மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

சேர்க்கை 1: மண்ணடியிலிருந்து ஒரு தங்கை கேட்டார், முஸ்லிம்கள் கார்டியனாக மட்டும்தான் இருக்க முடியுமாமே என்று. இல்லைம்மா. 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் எதுவானாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. ராயபுரம், காசிமேட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதே வழிதான்.

சேர்க்கை 2: இலங்கையில் இருக்கும் குழந்தையைத் தத்தெடுத்து இங்கே அழைத்துவர முடியுமா என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். முடியும், ஆனால் தத்தெடுப்பு நடைமுறை அந்த நாட்டுச் சட்டப்படி அங்கேயே முடிய வேண்டும். இந்தியாவும் இலங்கையும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால் காராவின் ஒப்புதலும் வேண்டும், அதற்கு உங்கள் ஹோம் ஸ்டடி அறிக்கை இங்கிருந்து போக வேண்டும். குழந்தையிடம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருக்கும் என்பதால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் விசா வாங்கித்தான் அழைத்து வர முடியும். டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுங்கள்.