ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளைப் பேணுவதும் நமக்கேற்ப அமைப்பதும்

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிளை வாங்கியவர்களுள் பலர், ஆறு மாதம் போவதற்குள் ஷாக்கை (பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் பாகம்) மாற்ற வேண்டும் என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கல்லில் ஏறினால் கை வலிக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் இடிக்கிறது என்பார்கள். அத்தகைய சைக்கிள்களைப் பிரித்துப் பார்த்தால், ஷாக்கில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. வாங்கிய நாள் முதல் காற்றழுத்தம் ஒருமுறைகூட அளக்கப்படாமல் இருக்கும், அல்லது பின்சட்டகம் மடங்கும் மூட்டுகளில் உள்ள பிவட் பேரிங்குகள் துருவேறி இறுகியிருக்கும். ஆகவே முதலில் உராய்வை நீக்க வேண்டும், அடுத்து அழுத்தத்தை அமைக்க வேண்டும், அதன் பிறகே புதிய பாகங்களைப் பற்றி யோசிக்க வேண்டும். கணக்குக்கு எளிதாக, பின்சக்கரம் 140 மி.மீ. அசையும், 55 மி.மீ. ஸ்ட்ரோக் (அமுங்கும் தூரம்) உள்ள ஷாக்கும் 150 மி.மீ. அசையும் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) கொண்ட ஒரு டிரெயில் (மலைப்பாதை) சைக்கிளை எடுத்துக்கொள்வோம்.

பிவட் பேரிங்கிலிருந்து தொடங்கலாம். சக்கரத்தின் பேரிங் முழுச்சுற்றாகச் சுழல்வதால் உள்ளிருக்கும் கிரீஸ் எல்லாக் குண்டுகளுக்கும் பரவிக்கொண்டே இருக்கும். பிவட் பேரிங்கோ சில பாகை மட்டும் முன்னும் பின்னும் அசைகிறது; அதனால் கிரீஸ் ஒரே இடத்தில் தங்கிவிடுகிறது, சுமையும் அதே சில குண்டுகளின் மேலேயே விழுகிறது. குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடு இல்லாமல், கூடுதல் குண்டுகளை நிரப்பிய பேரிங்குகளைப் பல சட்டகங்களில் பொருத்துவது இதனால்தான். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ மழைக்காலத்தில் ஓட்டிவிட்டு, சேற்றைப் போக்க வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்த நீரை நேராகப் பிவட்டின் மேல் அடிக்கச் சொல்வது, சீலைத் தாண்டித் தண்ணீரை நாமே உள்ளே அனுப்புவதற்குச் சமம். வாளித் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும்.

சோதிப்பது எளிது. ஷாக்கின் காற்றை முழுவதும் வெளியேற்றி, அதன் ஒரு முனை போல்ட்டைக் கழற்றி, பின்சக்கரத்தையும் எடுத்துவிட்டு, பின்சட்டகத்தைக் கையால் மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும். இடையில் கரகரத்தாலோ படிப்படியாகத் தடுக்கினாலோ பேரிங்கின் ஆயுள் முடிந்துவருகிறது என்று பொருள். தொடக்க நிலையில் இருந்தால், மெல்லிய கத்தி முனையால் சீலை நெம்பி எடுத்து, பழைய கிரீஸைக் கழுவி, தண்ணீரைத் தாங்கும் கிரீஸை நிறைய அடைத்து மூடலாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் சுத்தியலைத் தொடாதீர்கள். பேரிங் பிரஸ் கொண்டு வெளி வளையத்தின் மேல் மட்டும் அழுத்த வேண்டும். நான் முதன்முறை செய்தபோது உள் வளையத்தின் மேல் அழுத்தி, புதிய பேரிங்கைச் சட்டகத்தில் ஏறும் முன்பே கெடுத்தேன். போல்ட்டுகளைச் சட்டகத் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் கருவி) இறுக்குங்கள். மரைகளில் நீலநிற லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) சிறிது போதும்.

பின்பக்கத்தில் டொக் டொக் என்ற ஆட்டம் இருந்தால் எல்லோரும் பிவட்டையே சந்தேகிப்பார்கள். ஷாக்கின் கண்ணில் (முனைத் துளையில்) உள்ள புஷ் எனும் உருளை வளையம் தேய்ந்தாலும் அதே ஆட்டம் வரும். இருக்கையைப் பிடித்துச் சைக்கிளைச் சற்றே தூக்கி இறக்கியபடி, மற்றொரு கையின் விரலை ஒவ்வோர் இணைப்பிலும் வைத்துப் பார்த்தால் எங்கே ஆடுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஃபோர்க்கின் கீழ்க்கால்களை ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்றுவது நல்லது. முதலில் அழுத்தத்தையும் ரீபவுண்ட் (அமுங்கியது திரும்ப எழும் வேகம்) திருகியின் கிளிக் எண்ணிக்கையையும் எழுதி வைத்துக்கொண்டு, காற்றை வெளியேற்றி, அடிப்பக்க போல்ட்டுகளைச் சில சுற்றுகள் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டினால் கால்கள் விடுபடும். உள்ளே ஊற்றும் எண்ணெய் சில மில்லிலிட்டர்தான். ஆனால் அதன் அளவும் வகையும் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் கையேட்டைப் பார்த்தே ஊற்ற வேண்டும். நுரை வளையங்களை எண்ணெயில் நனைத்துப் பொருத்துங்கள். ஷாக்கின் ஏர் கேனையும் (காற்றை அடைத்து வைக்கும் வெளிக்குழல்) இதே இடைவெளியில் வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். ஆனால் காற்றை வெளியேற்றிய பின் ஷாக் அமுங்கிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டு எழாமல் இருந்தால் அதைத் திறக்கவே கூடாது. நெகட்டிவ் அறையில் (முக்கியக் காற்றறைக்கு எதிராக அழுத்தும் சிறிய அறை) அடைபட்ட காற்று பாகங்களைத் தெறிக்கவிடும், அது சர்வீஸ் மையத்துக்குரிய வேலை.

உராய்வு நீங்கிய பிறகே அழுத்தத்தை அமைப்பதில் பொருள் உண்டு. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தானாக இறங்கும் அளவை சேக் என்கிறார்கள். தமிழில் அமிழ்வு எனலாம். பின்னால் 25 முதல் 30 விழுக்காடு, முன்னால் 20 விழுக்காடு அளவில் வைத்துத் தொடங்கலாம். நம் சைக்கிளில் 30 விழுக்காடு என்பது ஷாக்கில் 16.5 மி.மீ., ஃபோர்க்கில் 20 விழுக்காடு என்பது 30 மி.மீ. பின்சக்கரம் 140 மி.மீ. அசைய ஷாக் 55 மி.மீ. மட்டுமே அசைவதால், ஷாக்கில் 2 மி.மீ. பிழை சக்கரத்தில் சுமார் 5 மி.மீ. ஆகிவிடும், எனவே கண்ணளவை நம்பாமல் ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்.

ஷாக்குக்குரிய பம்பால், பவுண்டில் உங்கள் எடை எவ்வளவோ அத்தனை பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் தொடங்கலாம், 70 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 155. 50 பி.எஸ்.ஐ. ஏறும்தோறும் நிறுத்தி, ஷாக்கை மெதுவாகப் பலமுறை அமுக்கினால்தான் இரு அறைகளிலும் அழுத்தம் சமன்படும். ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறி, சுவரில் கை ஊன்றி, நாலைந்து முறை குதித்து அமர்ந்து, ஷாக்கின் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிட்டு, அசைக்காமல் இறங்கி அளவெடுங்கள். ஃபோர்க்குக்கு மட்டும் பெடலில் நின்றபடி அளக்க வேண்டும். பம்பைக் கழற்றும்போது கேட்கும் சீறல் குழாயில் இருந்த காற்றுதான், ஷாக்கின் காற்று அல்ல. மீண்டும் மாட்டினால் முள் சற்றுக் குறைத்துக் காட்டுவது குழாய் நிரம்புவதால்.

ரீபவுண்டை அமைக்க, இருக்கையில் அமர்ந்தபடி நடைபாதை விளிம்பிலிருந்து இறங்கிப் பாருங்கள். ஷாக் அமுங்கி ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும். மீண்டும் துள்ளினால் வேகம் அதிகம். மிகவும் மந்தமாக வைத்தால், தொடர்ச்சியான கற்களில் ஷாக் எழுவதற்குள் அடுத்த அடி விழுந்து, அது தாழ்ந்தபடியே ஓடிக் கடினமாகத் தோன்றும்.

இப்போது மாற்றங்களுக்கு வரலாம். அமிழ்வு சரியாக இருந்தும் அடிக்கடி கடைசிவரை இடித்தால், ஏர் அறையில் ஒரு வால்யூம் ஸ்பேசரை (காற்றின் இடத்தைக் குறைக்கும் துண்டு) சேர்த்தால் முடிவுப்பகுதி மட்டும் கெட்டிப்படும். எவ்வளவு முரட்டுப் பாதையிலும் வளையம் கடைசிவரை போகவே இல்லையென்றால் ஒன்றை எடுத்துவிடலாம். ஷாக்கை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆவது அற்பமே. காற்றுக்குப் பதில் சுருள் கம்பி கொண்ட காயில் ஸ்பிரிங் ஷாக் பொருத்த விரும்புவோர், தம் சட்டகம் இறுதியில் போதிய அளவு கெட்டிப்படும் வகையில் வடிவமைக்கப்பட்டதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். நீண்ட ஸ்ட்ரோக் ஷாக்கைத் திணித்தால் பின்டயர் சட்டகத்தில் உரசக்கூடும். ஃபோர்க்கை 10 மி.மீ. உயர்த்தினால் ஹெட் ஆங்கிள் (முன்பக்கச் சாய்கோணம்) சுமார் அரைப் பாகை சாய்வதோடு பெடல் அச்சும் சற்று உயரும்.

என்னைக் கேட்டால் முதலில் பணம் போக வேண்டியது டயருக்குத்தான், அதிலும் முன்டயருக்கு. டியூப் இல்லாமல் ஓடும் டியூப்லெஸ் ஆக்கி, 70 கிலோ ஓட்டுநர் 22 முதல் 26 பி.எஸ்.ஐ. வரை வைத்துப் பார்க்கலாம். சமவெளியின் கோடை வெயிலில் சீலண்ட் (டயருக்குள் ஊற்றும், துளையை அடைக்கும் திரவம்) விரைவில் உலர்வதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். ஹேண்டில்பாரை வெட்டுவதாக இருந்தால் பக்கத்துக்கு 5 மி.மீ. வீதம் வெட்டி, ஓட்டிப் பார்த்து, மீண்டும் வெட்டுங்கள். பிரேக்கில் டாட் திரவமா மினரல் ஆயிலா என்பதை லீவரின் மேல் படித்துவிட்டு அதையே ஊற்ற வேண்டும்; மாற்றி ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெடும்.