அந்த வெள்ளைக்காரர் எந்த ஊர்? பெயரை வைத்தே தேடலாம்

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914ல் திறந்தது. மண்டபம், பாம்பன் பக்கம் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்த வீடு என்றால் தகரப்பெட்டியைக் கிளறிப் பாருங்கள். பழைய தாள் எதிலாவது வாயில் நுழையாத துரை பெயர் ஒன்று, ஷஃபிள்பாட்டம் (Shufflebottom) என்றே வைத்துக்கொள்வோம், கையெழுத்தாக இருந்தால் அந்தத் துரை குடும்பத்தின் பூர்வீகத்தைப் பிடித்துவிடலாம். பெயர் அபூர்வமாக இருப்பதுதான் வசதி. ஸ்மித் என்றால் விட்டுவிடுங்கள்.

எடுத்ததும் அகராதியில் அர்த்தம் தேடாதீர்கள், சிரிப்புதான் மிஞ்சும். இந்தப் பெயரில் வரும் 'பாட்டம்' வடக்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கம் பள்ளத்தாக்கைக் குறிப்பது. பெரி (Bury) நகரத்துக்குப் பக்கத்தில் ஷிப்பர்பாட்டம் என்ற இடத்தின் பெயர்தான் வாய்க்கு வாய் மாறி இப்படி ஆனது. அதனால் முதல் வேலை, ஒலிக்கிற மாதிரியெல்லாம் எழுதிப் பார்ப்பது. அங்கே பாதிரியாரும் குமாஸ்தாவும் காதில் விழுந்ததை எழுதினார்கள். இங்கே ஒரே வீட்டில் அப்பா பர்னாந்து, மகன் பெர்னாண்டோ என்று இருப்பதில்லையா, அதே கதைதான்.

அடுத்தது இங்கிலாந்தின் 1881 மக்கள்தொகைக் கணக்கு. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கித் தேடலாம். எல்லோரும் தவறுவது இங்கேதான்: குடியிருந்த ஊரைப் பார்ப்பார்கள். பிழைப்புக்காக மில் ஊருக்குப் போனவர்கள் அங்கே குவிந்திருப்பார்கள், அது பூர்வீகம் ஆகாது. எழுபது வயது தாண்டியவர்களை மட்டும் பிரித்து, பிறந்த ஊர் என்ற பத்தியைப் பாருங்கள். அவர்கள் ரயில் வருவதற்கு முன்பே பிறந்தவர்கள். அந்த ஊர்கள் வரைபடத்தில் ஒரு மூலையில் நெருங்கி நின்றால், சரி, இடம் அகப்பட்டது. அப்புறம் அந்தப் பகுதிக் கிறிஸ்தவக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள். இங்கிலாந்தில் 1538ல்தான் அப்படி எழுத உத்தரவு வந்தது. அங்கே அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்குகிறது.

துரை இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே புதைக்கப்பட்டிருந்தால்? சென்னை மாகாணக் கிறிஸ்தவக் கோவில் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஃபேமிலீஸ் இன் பிரிட்டிஷ் இந்தியா சொசைட்டி தளத்திலும் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, பெயர் கிடைத்ததும் ரத்த உறவு என்று முடிவு கட்டாதீர்கள். நம் கரையில் பரதவர் வீடுகளின் போர்ச்சுகீசியப் பெயர்கள் 1530களில் தொடங்கிய ஞானஸ்நானத்தோடு வந்தவை, லிஸ்பனிலிருந்து கப்பலேறி வந்த தாத்தா யாரும் இல்லை.

தாளை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, உப்புக்காற்று படாத டப்பாவில் வையுங்கள்.