சி மொழியில் பங்ஷனிலிருந்து அரேயைத் திருப்பித் தரும்போது

ஹட்டனில் டிப்ளோமா படிக்கும் தங்கை ஒருத்தி போன வாரம் தன் புரோகிராமைக் காட்டினாள். அம்மா ஆறு நாளும் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) எடை போட்ட தேயிலைக் கொழுந்தின் கிலோக் கணக்கை ஒரு பங்ஷன் அரேயில் (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) போட்டுத் திருப்பித் தர வேண்டும். 18, 21, 17 என்று வர வேண்டிய இடத்தில் கண்டபடி எண்கள் வந்தன.

அரேயை அவள் பங்ஷனுக்குள்ளேயே அறிவித்திருந்தாள். சியில் பங்ஷன் முழு அரேயைத் திருப்பித் தராது, அதன் முதல் உறுப்பின் முகவரியைத்தான் பாயிண்டராகத் தரும். பங்ஷன் முடிந்ததும் ஸ்டாக்கில் (பங்ஷன் ஓடும்வரை அதன் மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி) அந்த இடம் கைவிட்டுப் போய்விடும். ஆள் குடிபெயர்ந்த லயத்துக் காம்பராவுக்குக் கடிதம் போட்ட மாதிரிதான். கம்பைலர் எச்சரித்திருக்கிறது, அவள் வாசிக்கவில்லை. தயவுசெய்து வாசியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும் மெலாக் (malloc) மூலம் 6 இன்ட்டுக்கு (முழு எண்ணுக்கு) இடம் எடுத்து அந்தப் பாயிண்டரைத் திருப்பிக் கொடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் நல் (NULL, வெற்றுப் பாயிண்டர்) வரும், அதைச் சோதித்த பிறகே எழுதுங்கள். வேலை முடிந்ததும் அழைத்த பக்கம் அந்த இடத்தை ஃப்ரீ (free) செய்து விடுவிக்க வேண்டும். பங்ஷன் முடிந்தும் அரே அழியாமல் இருக்க அதை ஸ்டேட்டிக் (static) என்று போட்டாலும் நடக்கும், ஆனால் இருப்பது ஒரே அரே. அம்மாவுக்கு அப்புறம் சித்தியின் கணக்குக்கு அழைத்தால் அம்மாவுடையது அழிந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி, மெயினிலேயே அரேயை அறிவித்து, அதையும் 6 என்ற அளவையும் பங்ஷனுக்கு அனுப்புவது. அளவை விட்டுவிடாதீர்கள். பங்ஷனுக்குள் அளவறிய சைஸ்ஆஃப் (sizeof) போட்டால் 64 பிட் கணினியில் பாயிண்டரின் 8 பைட்தான் வரும், ஒரு இன்ட் 4 பைட் என்ற கணக்கில் அரேயின் 24 வராது.