கான்டியோனில் முதல் கிளாஸ்: புளிப்பு பீருக்கு நாக்கைப் பழக்குவது எப்படி

பீர் என்றால் தங்க நிறம், ஐஸ் குளிர், லேசான கசப்பு என்று பழகிய நாக்குக்கு லாம்பிக் என்ற பெல்ஜியப் புளிப்பு பீர் ஒரு அதிர்ச்சி. பிரஸ்ஸல்ஸில் ஒரு சின்ன பாரில் முதல் தடவை கெஸ் (லாம்பிக்குகளைக் கலந்து செய்யும் பீர்) வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "கெட்டுப்போச்சு போல" என்று பரிமாறியவரிடம் கிளாஸை நீட்டினேன். அவர் மோந்து பார்த்தார், சிரித்தார், அப்படியே என் முன்னால் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டார். கெடவில்லை. வருடக்கணக்கில் மெனக்கெட்டு அப்படிப் புளிக்க வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அதே ஊரில் அண்டர்லெக்ட் பகுதியில் இருக்கும் கான்டியோன் ப்ரூவரிக்கு, அதாவது லாம்பிக் காய்ச்சும் ஆலைக்கு, போன பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் குடித்ததில் தப்பில்லை, குடித்த வரிசையில்தான் தப்பு. அந்த வரிசையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

படி 1: கிளம்புவதற்கு முன்

பிரஸ்ஸல்ஸ் மிடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், கால் மணி நேரம் கூட ஆகாது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய கிடங்கு மாதிரி இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது என்பதால் அவர்கள் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இந்தப் புளிப்புக்கு வயிறு எரியும். காரமாக எதையும் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள், நாக்கு மரத்துப்போய் எல்லாம் வினிகர் மாதிரியே தெரியும். சென்ட் வேண்டாம். இங்கே பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது.

காய்ச்சுவதைக் கண்ணால் பார்க்க ஆசை என்றால் குளிர்காலத்தில்தான் வாய்ப்பு. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான் அடுப்பு எரியும். காரணம் மூன்றாவது படியில் வருகிறது.

குடும்பக் கதையையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1900-இல் பால் கான்டியோனும் அவர் மனைவி மரி ட்ரோக்கும் தொடங்கியது. அப்புறம் பிள்ளைகள் கைக்கு வந்தது. மூன்றாம் தலைமுறையில் பொறுப்பு மருமகனிடம் போனது: கான்டியோன் வீட்டுப் பெண் குளோதைக் கட்டிய ழான்-பியர் வான் ராய். அந்தக் காலத்தில் ஊரே சர்க்கரை சேர்த்த பீர் பக்கம் சாய்ந்திருந்தது. பல புளிப்பு பீர்க்காரர்களும் ஜனங்களுக்குப் பிடித்த மாதிரி இனிப்பாக்கினார்கள். இவர் மாட்டேன் என்றார். 1978-இல் ப்ரூவரியையே அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். வந்து பாருங்கள், பார்த்தால்தான் குடிக்கத் தோன்றும் என்ற கணக்கு. இப்போது காய்ச்சுவது அவர் மகன் ழான் வான் ராய்.

படி 2: கீழ்த்தளம், தானியமும் ஹாப்ஸும்

நீங்களே சுற்றிப் பார்க்கலாம், கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். கீழே இருக்கும் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), ஒரு பங்கு முளைகட்டாத பச்சைக் கோதுமை, அப்புறம் வெந்நீர். அந்தச் சாற்றைப் பல மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஹாப்ஸ், பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஒரு கொடியின் பூ. மற்ற ப்ரூவரிகள் புது ஹாப்ஸுக்காக அலையும். இவர்கள் இரண்டு மூன்று வருடம் பழசானதைத் தேடிப் போடுகிறார்கள். பழசானால் கசப்பும் வாசனையும் போய்விடும், ஆனால் வேண்டாத பாக்டீரியாவை அடக்கும் குணம் மிஞ்சும். அந்தக் குணம் மட்டும்தான் இவர்களுக்கு வேண்டும்.

படி 3: மாடிக்கு ஏறுங்கள்

அவசரப்படாமல் நிற்க வேண்டிய இடம் இதுதான். கூரைக்கு நேர் கீழே, அறை முழுக்க அடைத்துக்கொண்டு, அகலமான ஆழமில்லாத ஒரு செம்புத் தொட்டி கிடக்கும். கூல்ஷிப் என்கிறார்கள். எனக்கு அது கல்யாண வீட்டுப் பாயசத்தை ஆற வைக்கிற தாம்பாளத்தின் ராட்சச வடிவம் மாதிரித் தெரிந்தது. சுமார் 7,500 லிட்டர் பிடிக்கும். கொதித்த சாற்றை இதில் ஊற்றி, சன்னல் பலகைகளைத் திறந்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். விடிவதற்குள் 20 டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும். அந்த இரவில்தான் வெளிக்காற்றிலும் பழைய மரத்திலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் சாற்றில் குடியேறுகின்றன.

ஈஸ்ட் பொட்டலம் எதுவும் கிடையாது. நமக்கு இது புதிதில்லை. பனை மரத்துக் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளுக்கு யார் ஈஸ்ட் வாங்கிப் போட்டார்கள்? காற்றிலும் கலயத்திலும் இருப்பதே போதும். வித்தியாசம் பொறுமையில்தான். கள் சில மணி நேரத்தில் பொங்கி முடித்துவிடும், லாம்பிக்குக்கு வருடங்கள் ஆகும்.

குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சுவதற்கும் இந்தத் தொட்டிதான் காரணம். இரவு குளிராக இருந்தால் சாறு சரியான வேகத்தில் ஆறும். கதகதப்பாக இருந்தால் மெதுவாக ஆறும், அதற்குள் கண்ட கிருமியும் புகுந்து கெடுத்துவிடும். 2015 நவம்பரில் இரவுகள் அப்படி வெதுவெதுப்பாகப் போனதால் காய்ச்சுவதையே கொஞ்ச நாள் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஏசி போட்டு ஆற வைத்தால் என்ன என்று கேட்காதீர்கள். வெளிக்காற்று உள்ளே வருவதுதான் இந்த பீரின் முழு சங்கதியே.

படி 4: பீப்பாய்க் கூடம்

சாறு இங்கே மரப் பீப்பாய்களுக்குள் போகிறது. முதல் சில நாட்கள் பொங்கி நுரை வெளியே வழியும். அடங்கிய பிறகு மூடி, ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை விட்டுவிடுவார்கள். பீருக்குள் பலவகை நுண்ணுயிர்கள் முறை வைத்து வேலை செய்கின்றன. பிந்தி வரும் முக்கியமான ஆளான ஒரு ஈஸ்டுக்கு பிரெட்டனோமைசிஸ் புருக்செல்லென்சிஸ் என்று பெயர். பெயரிலேயே பிரஸ்ஸல்ஸ் இருக்கிறது பாருங்கள்.

மேலே பார்த்தால் ஒட்டடை தொங்கும். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். புளிப்பு வாசத்துக்குப் பழ ஈக்கள் வரும், அவற்றைச் சிலந்திகள் பிடிக்கும். பூச்சி மருந்து அடித்தால் ஈயோடு நல்ல கிருமிகளும் போய்விடும் என்பதால் சிலந்திகளை யாரும் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் இந்தக் காரணத்தைச் சொல்லிப் பார்த்தேன், ஒட்டடைக் கம்பைத்தான் கையில் கொடுத்தார்கள்.

படி 5: ருசி பார்ப்பது

முதலில் கலப்பில்லாத லாம்பிக். இதை விட்டுவிட்டு நேராகப் பழ பீருக்குத் தாவாதீர்கள். மண் ஜாடியிலிருந்து சின்ன கிளாஸில் ஊற்றுவார்கள். நுரை இருக்காது, குமிழி இருக்காது, பார்க்க ஆறிப்போன டீ மாதிரி இருக்கும். பீப்பாயில் வாயுவெல்லாம் வெளியேறிவிட்டதால் அப்படி. கிளாஸைச் சுழற்றி மோந்து பாருங்கள். எனக்கு முதலில் வந்தது ஈரக் கோணிப்பை, அடுத்து மழையில் நனைந்த வைக்கோல், கடைசியில் எலுமிச்சைத் தோல். தொழுவ வாசம் அடிக்கிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம், அது பிரெட்டனோமைசிஸின் கைவரிசை.

மூன்று வாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாய் அதிர்ச்சிக்கு. அதில் எந்தத் தீர்ப்பும் சொல்லக்கூடாது. இரண்டாவது வாயை உடனே விழுங்காமல் சில நொடி நாக்கில் வைத்திருங்கள், புளிப்புக்குப் பின்னால் தானியமும் மரமும் தெரியும். மூன்றாவது வாயில்தான் பிடித்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது கெஸ். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் ஆன லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைப்பது. இளசில் சர்க்கரை மிச்சம் இருக்கும், அது மூடிய பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து வாயுவைக் கிளப்பும். பழசு ருசிக்கு. எதை எவ்வளவு கலப்பது என்று தீர்மானிப்பது நாக்குதான், அதனால் ஒவ்வொரு வருடக் கெஸும் கொஞ்சம் மாறும். சற்று முன் குடித்த அதே லாம்பிக் இப்போது குமிழியோடு, கூர்மையாக, இனிப்பே இல்லாத ஒயின் போல வாயில் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். பாரில் எனக்குக் கிடைக்காத பாடம் இதுதான். அடிப்படை ருசி தெரியாமல் கலவையைக் குடித்தால் புளிப்பு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் பழம். கிரீக் என்றால் புளிப்புச் செர்ரி, லிட்டருக்கு சுமார் 200 கிராம் பழத்தை லாம்பிக்கில் ஊறப்போடுவது. ரோஸே டி காம்ப்ரினஸில் ராஸ்பெர்ரி. பெயரைக் கேட்டு ஜூஸ் மாதிரி இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும், நிறமும் மணமும் புளிப்பும்தான் மிஞ்சும். எனக்கு ராஸ்பெர்ரி அவ்வளவாக ஒட்டவில்லை. ஆப்ரிகாட் போட்ட ஃபூஃபூன் கிடைத்தால் விடாதீர்கள், அது பருவத்துக்குத்தான் வரும்.

எல்லாமே 5, 6 சதவீத ஆல்கஹால்தான். ஆனாலும் மெதுவாகக் குடியுங்கள், பக்கத்தில் தண்ணீரும் இருக்கட்டும்.

படி 6: பாட்டில் வாங்கினால்

ஒரு பாட்டில் வாங்கி பெட்டியில் போட்டு, அறைக்கு வந்ததும் ஆசையாகத் திறந்தேன். வழியெல்லாம் குலுங்கியதில் அடியில் இருந்த ஈஸ்ட் மண்டி முழுக்கக் கலங்கி, பாதி தரையில் பொங்கிப் போனது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாளாவது அசைக்காமல் வையுங்கள். படுக்க வைத்திருந்த பாட்டிலை நிமிர்த்தாமல் அதே சாய்வில் பரிமாறத்தான் அங்கே பிரம்புக் கூடை வைத்திருக்கிறார்கள்; கூடை இல்லையென்றால் முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிடுங்கள், மண்டி கீழே இறங்கிவிடும். மூடியைக் கழற்றினால் உள்ளே கார்க் இருக்கலாம், ஒயின் திறக்கும் திருகாணியை எடுத்துவைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஃப்ரீசரில் போடவே வேண்டாம். 12 டிகிரி போதும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் சரியாக இருக்கும். ஒரே ஓட்டத்தில், பாட்டிலை நடுவில் நிமிர்த்தாமல் கிளாஸ்களில் ஊற்றி, கலங்கல் கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். அந்தக் கடைசி இரண்டு விரல் அளவைக் கொட்ட வேண்டாம், தனிக் கிளாஸில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். ரொட்டி மாவு வாசம் அடிக்கும்.